தறி ஓடத் தொடங்கிய நாள்

தேய்மானம் என்பது ஓடித் தேயும் இயந்திரத்தின் விலையை ஆண்டுதோறும் லாபத்தில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் தரும் கழிவு. சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களில் புதிதாகத் தறி போடுகிறவருக்கு இந்தக் கழிவின் முதல் தவணை, தறி முதன்முதலில் ஓடிய நாளைப் பொறுத்தது.

தனியாளாகத் தொழில் தொடங்குகிறவர் ஏப்ரல் முதல் தேதியைப் பார்த்துத் தொடங்குவதில்லை. ஊர்க் கோயிலில் கோமதியம்மனின் ஆடித்தபசு விழா முடிந்து ஆவணி பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் விஜயதசமி, அதுவும் தவறினால் தை. அரசின் நிதியாண்டோ 1867 முதல் ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிகிறது.

முன்பு இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் உரசல் குறைவு. வணிகர் தம் கணக்காண்டைத் தாமே தேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. சித்திரையிலோ தீபாவளியிலோ புதுக்கணக்கு எழுதுகிறவருக்கு அதுவே ஆண்டுத் தொடக்கம். 1989இல் இந்த உரிமை போயிற்று. எல்லாருக்கும் மார்ச் 31 ஆண்டு முடிவானது. நடுவில் தொடங்கும் தொழிலுக்கு, அது நிறுவப்பட்ட நாள் முதல் வரும் மார்ச் 31 வரை உள்ள துண்டுக்காலமே முதல் ஆண்டு.

தேய்மான முறையும் அதே காலத்தில் மாறியது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிக்கணக்கு வைத்த வழக்கம் 1988-89 மதிப்பீட்டாண்டு (முந்தைய ஆண்டின் வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு) முதல் ஒழிந்து, ஒரே விகிதமுள்ள சொத்துகள் ஒரே தொகுதியாயின. ஆனால் மார்ச் கடைசியில் வாங்கி ஓட்டிய இயந்திரத்துக்கும் முழு ஆண்டுத் தேய்மானம் கிடைத்தது. வரியைக் குறைக்கவே ஆண்டு முடிவில் இயந்திரம் வாங்க இது வழிவிட்டது. 1991 ஜூலையில் மன்மோகன் சிங் கொண்டுவந்த பட்ஜெட் இந்த ஓட்டையை அடைத்தது: வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதித் தேய்மானம்தான்.

மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்லை அக்டோபர் 3. பிப்ரவரிக்கு 29 நாள் இருந்தால் அக்டோபர் 4. ஆவணியில் ஓடிய தறிக்கு முழுத் தேய்மானம், தையில் ஓடியதற்குப் பாதி என்பதில் குழப்பமில்லை. விஜயதசமிதான் வேடிக்கை காட்டுகிறது. 2023இல் அது அக்டோபர் 24. 160 நாள்தான் மிச்சம். 2024இல் அக்டோபர் 12, 171 நாள். 2025இல் அக்டோபர் 2இல் வந்து, 181 நாளோடு எல்லைக்குள் நுழைந்துவிட்டது. ரசீதில் உள்ள தேதியோ, தொழிலைப் பதிவு செய்த தேதியோ இங்கே போதாது. தறி பயன்பாட்டுக்கு வந்த நாளே கணக்கு.

இழப்பு பார்வைக்குத் தெரிகிற அளவு பெரிதல்ல. 4,00,000 ரூபாய்க்கு வாங்கிய தறிகளுக்கு 15 சதவீதப்படி முதல் ஆண்டில் 60,000 கழியும். பாதி என்றால் 30,000. மிச்சம் மதிப்பிலேயே தங்குவதால் அடுத்த ஆண்டு 51,000க்குப் பதில் 55,500 கழிகிறது. பறிபோவது காலம்தான், ஆனால் கடன் வாங்கித் தறி போட்டவருக்கு முதல் ஆண்டின் பணமே முக்கியம்.

இந்த 15 சதவீதம் 2006-07 மதிப்பீட்டாண்டுக்கு முன் 25ஆக இருந்தது. நெசவுக்கு ஒரு பொற்காலமும் வாய்த்தது: ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் 2001 ஏப்ரலுக்கும் 2004 மார்ச்சுக்கும் இடையே வாங்கி ஓட்டிய இயந்திரங்களுக்கு 50 சதவீதம்.

தேய்மானத்தை வேண்டாமென்று விடலாமா என்ற வழக்கும் ஒரு ஆலையின் பெயரில்தான் வந்தது. மகேந்திரா மில்ஸ் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் விடலாம் என்றது. 2002 ஏப்ரல் முதல் சட்டம் அதை மாற்றி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கழிவு கழிந்ததாகவே கொண்டது. வரவில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறையில் வரி கட்டும் சிறு தறிக்காரருக்கும் இதே கதி: தனியாகத் தேய்மானம் கேட்க முடியாது, தறியின் மதிப்பு மட்டும் ஏட்டில் ஆண்டுதோறும் குறையும்.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டாண்டு என்ற இரட்டைப் பெயர்கள் போய் ‘வரி ஆண்டு’ வருகிறது. 180 நாள் எல்லை அப்படியே நிற்கிறது. அந்த ஆண்டு விஜயதசமி அக்டோபர் 20.