இலவசப் பாடமும் ஜாம் போத்தல் விளக்கும்

1998ஆம் ஆண்டு செய்தி சேகரிக்க வன்னிக்குச் சென்றிருந்தபோது, புதுக்குடியிருப்பில் ஓர் ஓலைக் கொட்டிலில் ஓர் இரவு தங்கினேன். பொருளாதாரத் தடை நிலவிய காலம். மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன, மண்ணெண்ணெய் அரிதாகவே கிடைத்தது. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, சில துளி எண்ணெய், ஒரு திரி: அதுவே விளக்கு. அதைச் சுற்றி அயல் வீட்டுப் பிள்ளைகள் ஐவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தனர். கொப்பி ஒன்றுதான் இருந்தது. ஒருத்தி வாசிக்க, மற்ற நால்வரும் கேட்டு எழுதினர். விளங்காத இடத்தில் நிறுத்தித் தமக்குள் விவாதித்தனர்.

இணையவழி இலவசப் பாடநெறிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வருகிறது. 2011இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் செபஸ்டியன் துருனும் பீற்றர் நோர்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகிற்கு இலவசமாகத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 160,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். 2012இல் கோர்செராவும் எடெக்ஸும் தோன்றின. பின்னர் வந்த பாடநெறிகள் பலவற்றை நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முடிக்கவில்லை. பாடம் இலவசம் என்றாலும், சான்றிதழுக்குப் பல இடங்களில் கட்டணம் உண்டு.

இலவசக் கல்வி எமக்குப் புதியதன்று. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் அது இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டம் கட்டணத்தை நீக்கியதோடு நின்றிருந்தால் கிராமத்துப் பிள்ளைக்குப் பயன் குறைவாகவே இருந்திருக்கும். மத்திய கல்லூரிகளும் தாய்மொழிவழிக் கல்வியும் துணைநின்றதாலேயே அது வேரூன்றியது.

வன்னியின் உயர்கல்வி இன்று முன்னேறியிருக்கிறது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. எனினும், உயர்தரத்தில் தகுதிபெறும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. அவர்களுக்கு இப்பாடநெறிகள் மெய்யாகவே ஒரு வாசல்.

அந்த வாசலை அடையும் வழியும் இலகுவானதன்று. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளைக் கண்டேன். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு தடை.

அன்று கொப்பியை வாசித்தவர் இன்று ஆசிரியை. அவருடைய மகள் அண்மையில் இணையவழிப் பாடநெறி ஒன்றில் சேர்ந்து, மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"விளங்காட்டி ஆரிட்டக் கேக்கிறது, மாமா?" என்றாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளுடைய தாய்க்கு அருகில் நால்வர் இருந்தனர்; இவளுக்கு அருகில் எவரும் இல்லை. கோர்செரா நிறுவனமே 2013இல், மாணவர் நேரில் கூடிக் கற்கும் மையங்களைப் பல நாடுகளில் அமைக்க முற்பட்டது. எமக்கோ ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு கணினி, இணைய இணைப்பு, மாலையில் இரண்டு மணித்தியாலம் உடனிருக்கக்கூடிய பட்டதாரி ஒருவர்: இவை போதும், தொடங்குவதற்கு. புலம்பெயர்ந்த உறவுகள் கட்டடங்களுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாகாதா?