இருமல் பாணியின் வரலாறு

ஒரு சமுதாயம் தன் நோய்களுக்கு மருந்து தேடும் முறையிலும் அதன் பொருளாதார அமைப்பின் முகத்தை நாம் காணலாம். இருமல் மருந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சயரோகமும் நியுமோனியாவும் தொழில் நகரங்களில் எண்ணற்ற உயிர்களைக் குடித்தன. இருமலை அடக்கும் மருந்துக்குப் பெருஞ் சந்தை காத்திருந்தது. 1898 இல் ஜேர்மனியின் பேயர் கம்பனி, அபினிலிருந்து கிடைக்கும் மோர்பினை மாற்றியமைத்து ஆக்கிய மருந்தொன்றை விற்கத் தொடங்கிற்று. மோர்பினைப்போல் இது மனிதரை அடிமையாக்காது என்று கூறப்பட்டது. அம்மருந்தின் பெயர் ஹெரோயின்! சில ஆண்டுகளுக்குள் நியூயோர்க் நகரின் தொழிலாள வாலிபர் பலர் அதற்கு அடிமையாயினர். 1924 இல் அமெரிக்கா அதன் உற்பத்தியைத் தடைசெய்தது.

ஹெரோயின் அகன்றது; அபினின் மற்றொரு வாரிசான கொடெயின் இருமல் பாணிகளில் நிலைத்தது. உடலிற் புகுந்த கொடெயினின் ஒரு பகுதியை ஈரல் மோர்பினாக மாற்றுகிறது. அளவு மிஞ்சினால் சுவாசம் மந்தமடைந்து நின்றே போகலாம். அபினின் மயக்கம் இல்லாத டெக்ஸ்ட்ரோமெதோர்பன் 1958 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உரிய அளவில் அது தீங்கற்றதே. ஆயினும் போதைக்காகப் போத்தல் முழுவதையும் குடிக்கும் சிறுவனுக்கு அது மனமயக்கத்தையும் இதயப் படபடப்பையும் தருகிறது. சில பாணிகளில் உடன் கலந்துள்ள பரசிட்டமோல் அவன் ஈரலைச் சிதைக்கவும் கூடும். 2012 இல் கலிபோர்னியா பதினெட்டு வயதிற்குட்பட்டோருக்கு அதனை விற்பதைத் தடுத்தது.

2018 இல் நைஜீரியாவில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. மருந்துக் கம்பனிகளின் ஊழியர் சிலரே கொடெயின் பாணியைக் கள்ளச் சந்தைக்கு விற்றதை பிபிசி செய்தியாளர் அம்பலப்படுத்தினர். கானோ நகரின் மறுவாழ்வு நிலையமொன்றில் அடிமையான வாலிபர் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்ததை உலகம் கண்டது. அரசாங்கம் அவ்வாண்டு மே மாதத்தில் கொடெயின் பாணியின் உற்பத்தியையும் இறக்குமதியையும் தடைசெய்தது. மூன்று கம்பனிகளைச் சிலகாலம் மூடியது. கம்பனிக்குக் கிடைத்த தண்டனை சில நாட் பூட்டு. வாலிபனுக்குக் கிடைத்ததோ காற்சங்கிலி.

'இளைஞர் கெட்டுவிட்டனர்' என்று புலம்புவது எளிது. அவர்கள் கையிற் போத்தலைக் கொடுத்தவர் யார், அதனால் இலாபம் பெற்றவர் யார் என்று நாம் கேட்கவேண்டாமா? அடிமைப்பட்டவனுக்கு வேண்டியது வைத்தியம். விற்பவனுக்கு வேண்டியது கடுமையான கட்டுப்பாடு. போத்தலில் உள்ளது என்ன என்பதை மாணவர்க்கு விளக்கும் கடமை ஆசிரியருடையது. 1898 இன் பொய்யுறுதி புதிய பெயர்களோடு திரும்பத் திரும்ப வருவதை அறிந்த தலைமுறை எளிதில் ஏமாறாது.