ஆடிப்பட்டமும் கிள்ளான் மழையும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது, முந்தானையில் முடிந்த விதையோடு இந்தப் பழமொழியும் கூடவே வந்தது. விதை முளைத்தது. பழமொழிதான் இங்கே பலிக்கவில்லை.

தமிழகத்தில் ஆடியில் விதைப்பதற்குக் காரணம் உண்டு. கோடை தணிந்து ஆற்றில் புதுவெள்ளம் வரும் மாதம் அது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்குள் செடி வேரூன்றிவிட வேண்டும் என்பது கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் கணக்கு வேறு. இங்கே மழை ஆண்டுக்கு இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. பங்குனி, சித்திரையில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் மற்றொன்று. ஊரில் வெயில் கொளுத்தும் சித்திரையில் இங்கே வாய்க்கால் நிரம்பி வழியும். ஊரில் விதைக்கும் ஆடியிலோ இங்கே மழை குறைவு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், கோலாலம்பூரில் ஏறத்தாழ 2,400. போதாததற்கு, சில மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, பந்தலில் ஏறிய புடலையைத் தரையில் கிடத்திவிட்டுப் போகும்.

ஆகவே நம்மவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது பாத்தியைத்தான். தண்ணீர் அருமையான ஊரில் பாத்தியைப் பள்ளமாக வெட்டி, சுற்றிலும் வரப்புக் கட்டுவார்கள். இறைத்த நீர் வெளியே போகக் கூடாது. அதே பாத்தியை இங்கே வெட்டினால் இரண்டே மழையில் கத்தரி அழுகிவிடும். இங்கே மண்ணை மேடாக்கி, இருபுறமும் வடிகால் விட வேண்டும். சீனத் தோட்டக்காரர்களின் கீரைப் பாத்திகள் இந்த முறையில்தான் அமைந்திருந்தன. கண்ணால் பார்த்துக் கற்க அது நல்ல பாடம்.

சரி, லயத்து மக்களுக்கு நிலம் ஏது? போருக்கு முந்திய தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. சுமார் 2,700 சதுர அடி. ஏட்டில் இருந்ததெல்லாம் எல்லாத் தோட்டங்களிலும் மண்ணில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கிடைத்தாலும் அது துரையின் நிலம். வேலை போனால் முருங்கை மரமும் போயிற்று.

அந்தத் துண்டு நிலத்தின் அருமை ஜப்பான்காரன் காலத்தில் தெரிந்தது. 1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்ததாகும். அந்த வரத்து சுருங்கியதும் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. அதைத் தேர்ந்ததற்கு நியாயம் உண்டு. ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும், காய்ச்சலையும் தாங்கும், பிடுங்கும்வரை மண்ணே களஞ்சியம். நீர் தேங்கினால் மட்டும் அழுகும். ஆனால் கிழங்கில் மாவு உண்டே தவிர, உடலுக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. கிழங்கை மட்டும் நம்பிய வீடுகளில் கால் வீக்கமும் ஆறாத புண்ணும் வந்தன. கிழங்குக்குப் பக்கத்தில் முருங்கையும் கீரையும் பயறும் வைத்திருந்த வீட்டில் பிள்ளைகள் ஓரளவு தப்பினார்கள். வீட்டு ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட லயங்களில் மண்வெட்டி பெண்கள் கைக்கு வந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பின்னர் 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியிருந்த நேரம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1971 ஜனவரியில், கோலாலம்பூர் பெருவெள்ளத்தில் மூழ்கியிருந்தது. 1926 வெள்ளத்துக்குப் பின் அப்படியொன்றை நகரம் கண்டதில்லை.

வானம் இன்றும் நமக்குக் கட்டுப்படவில்லை. 1998-இல் எல் நினோ வறட்சிக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பங்கீடு செய்தார்கள். குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம், செடிக்கு ஊற்ற நீர் ஏது? 2021 டிசம்பரிலோ நேர்மாறு. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறிற்று. அந்த ஷா ஆலம் நகரம் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். தோட்டங்கள் விற்கப்பட்டபோது லயத்துக் காய்கறிப் பாத்திகளும் சேர்ந்தே போயின. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு மிஞ்சியது பூந்தொட்டி ஒன்றிரண்டு.

தொட்டியானாலும் பாத்தியானாலும் விதை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பாதியை இன்று போடுங்கள், மீதியை இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள்; ஒரு மழை அடித்துக்கொண்டு போனாலும் மறுபாதி நிற்கும். கீரை நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும், வெண்டைக்கு இரண்டு மாதம் வேண்டும். ஆடியில்தான் விதைப்பேன் என்பவர்கள் தாராளமாக விதைக்கலாம். காலையிலும் மாலையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் இருக்கட்டும்.