அலைகளின் கதை: காதங்கியில் சாயும் கதிர்

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்குப் போகிறவர்களுக்குக் காதங்கி என்றால் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். மலைகள் சூழ்ந்த அந்த ஊரில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு ரேடார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுழலும் கிண்ணத்தை அங்கே தேடாதீர்கள். ஏறக்குறைய 130 மீட்டர் நீள அகலமுள்ள திடலில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1024 யாகி ஆன்டெனாக்கள். தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடிகளில் நின்ற அதே இனம். எதுவும் அசையாது.

இதற்கு விதை பெருவில் விழுந்தது. அயனி மண்டலத்தை ஆராயக் கட்டிய ஹிக்காமார்க்கா ரேடாரை வைத்து, மேகமே இல்லாத வெறும் காற்றிலிருந்தும் எதிரொலி பெற்றுக் காற்றோட்டத்தை அளக்கலாம் என்று ரொனால்ட் உட்மனும் அல்பெர்ட்டோ கில்யேனும் 1974இல் காட்டினார்கள். காதங்கி ரேடாரை வடிவமைத்துக் கட்டியது நம் நாட்டு சமீர் நிறுவனம். ரேடாரை இயக்கிய காதங்கி மையம்தான் 2005இல் தேசிய வளிமண்டல ஆய்வகம் ஆனது.

அசையாத ரேடார் திசை மாறுவது எப்படி? 1801இல் தாமஸ் யங் ஒளியை வைத்துச் சொன்ன அதே குறுக்கீட்டு விளைவால்தான். முகடும் முகடும் சேர்ந்தால் அலை பெருகும். முகடும் அகடும் சேர்ந்தால் அழியும். பள்ளிப் பாடம் இருண்ட, வெளிச்சப் பட்டைகளோடு நின்றுவிடுகிறது. விஷயத்தின் ருசி அதற்கு அப்பால்தான் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்களும் ஒரே கணத்தில் அலையை விட்டால், நேர் மேலே முகடுகள் ஒன்றுகூடும். பக்கவாட்டில் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கதிரை 10 பாகை கிழக்கே சாய்க்க வேண்டுமா? நான்கு மீட்டர் இடைவெளியில் நிற்கும் வரிசைகளில், மேற்கேயிருந்து தொடங்கி ஒவ்வொன்றும் முந்தையதைவிட நூறு கோடியில் இரண்டு பங்கு வினாடிக்குச் சற்றே கூடுதலாகத் தாமதித்தால் போதும்.

ரேடாரின் அதிர்வெண் 53 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 5.66 மீட்டர். காற்றின் கொந்தளிப்பில் அதில் பாதி, அதாவது 2.83 மீட்டர் இடைவெளியில் அடுக்குகள் அமைந்தால், கீழடுக்கு திருப்பிய அலையும் மேலடுக்கு திருப்பிய அலையும் முகடோடு முகடு பொருந்தும். படிகங்களில் எக்ஸ்-கதிருக்கு பிராக் 1912இல் கண்ட விதி, இங்கே வெறும் காற்றில். காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வந்தால், 5.3 கோடி அதிர்வுகளில் மூன்றில் ஒரு பங்கு அதிர்வு மட்டும் கூடும். அதையும் கணக்கெடுத்துவிடுகிறார்கள்!

இந்த நுணுக்கத்துக்கு வேலை இருக்கிறது. ஆடி மாதம் நம் தலைமேல் மேற்குக் காற்று அடிக்கும்போது, ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று பாய்கிறது. அந்தக் கீழைத் தாரைக் காற்றைப் பற்றி வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் எழுதியபோது கையிலிருந்தவை, நாளுக்குச் சில முறை பறக்கவிடும் பலூன்கள் தந்த அளவுகள். காதங்கி ரேடார் அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கிறது.