பேச்சுக்கு முன் பயன்பாடு: நுகர்வோர் தொழில்நுட்பம் விற்பனையாளருக்குக் கற்பிப்பது

விற்பனை ஒரு பேச்சுக்கலை என்னும் எண்ணம் பயிற்சி வகுப்புகளிலும் நிறுவனங்களிலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. வாடிக்கையாளரின் ஒவ்வொரு தயக்கத்துக்கும் விடை வைத்திருப்பவரே சிறந்த விற்பனையாளர் என்பது அதன் அடிப்படை. பழகிய பொருளுக்கு இது ஓரளவு பொருந்தும்; முன்பு இல்லாத பொருளுக்குப் பொருந்தாது. வாங்குபவர் அதுவரை உணராத தேவையை விளக்கத்தால் மட்டும் உணர்த்த முடியாது. புதிய பொருளை விற்பவரின் முதற்பணி அதைப் பயன்படுத்திப் பார்க்கும் சூழலை அமைப்பது. அடுத்த பணி அங்கே கண்டதை உருவாக்கியவரிடம் சேர்ப்பது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சோனி நிறுவனத்தின் வாக்மேன் இதற்கு முதல் சான்று. பதிவு செய்ய இயலாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளும் கடைக்காரர்களிடமும் எழுந்தது. 1979 ஜூலை 1 அன்று 33,000 யென் விலையில் அது வெளிவந்தது. தயாரித்த 30,000 கருவிகளில் முதல் மாதம் ஏறத்தாழ 3,000 மட்டுமே விற்றன. அப்போது பணியாளர்கள் டோக்கியோவின் தெருக்களுக்குச் சென்று, வழிப்போக்கர்களின் காதில் ஹெட்போனைப் பொருத்திக் கேட்கவைத்தனர். ஆகஸ்ட் முடிவதற்குள் இருப்பு தீர்ந்தது. விலையும் கருவியும் மாறவில்லை. மக்கள் அதை அறிந்துகொண்ட வழிதான் மாறியது.

த்ரீஎம் நிறுவனத்தின் போஸ்ட்-இட் தாள் இதையே இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதன் ஆய்வாளர் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டறிந்த வலுக்குறைந்த பசைக்கு நெடுங்காலம் பயன் தெரியவில்லை. பாடல் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் நழுவி விழுவதைக் கண்ட சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை 1974இல் அதற்கு ஒரு பயனைக் கண்டார். 1977இல் நான்கு நகரங்களில் நடந்த சோதனை விற்பனை தோற்றது. மறு ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகர அலுவலகங்களில் தாள்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பெற்றவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இனி வாங்குவோம் என்றனர். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனை தொடங்கியது. புதுமைகளின் பரவல் குறித்து எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூல், சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பரவலை விரைவுபடுத்தும் பண்புகளில் ஒன்றாகக் கூறுகிறது. பாய்சியில் நிகழ்ந்தது அதன் தெளிவான எடுத்துக்காட்டு.

பயன்படுத்திப் பார்க்கவைப்பது குறையையும் அம்பலப்படுத்துமே என்ற மறுப்பு எழலாம். எழுவது நியாயமே. ஆப்பிள் 1993இல் வெளியிட்ட நியூட்டன் கையடக்கக் கருவி, எழுதுபவரின் கையெழுத்தைத் தவறாகப் படித்துக் கேலிக்கு ஆளானது. பின்னர் அத்திறன் மேம்பட்டபோதும் முதல் எண்ணம் மாறவில்லை. 1998இல் உற்பத்தி நின்றது. ஆனால் இது இரண்டாவது பணியின் தேவையையே வலியுறுத்துகிறது. குறையைப் பேச்சால் மறைப்பவர் நிறுவனத்துக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரத் தீங்கு செய்கிறார். முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகளும், இடையே பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தன. மக்கள் தனித்துக் கேட்கவே விரும்பினர். பின்வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் கைவிடப்பட்டது. பயன்பாட்டைக் கவனித்ததால் பொருள் திருந்தியது.

இவ்விரு பணிகளுக்கும் பணியிடம் இடம்தர வேண்டும். பணிநேரத்தில் 15 விழுக்காட்டைத் தம் சொந்த எண்ணங்களுக்குச் செலவிட த்ரீஎம் தன் ஆய்வாளர்களுக்கு உரிமை அளித்தது. விற்பனைப் பிரிவுக்கு அத்தகைய உரிமையைப் பெரும்பாலான நிறுவனங்கள் நினைத்தும் பார்ப்பதில்லை. மாத இலக்கும் கமிஷனும் மட்டுமே அளவுகோலானால், விற்ற பொருள் வீட்டில் பயன்படுகிறதா என்று போய்ப் பார்க்கும் ஊழியர் நேரத்தை வீணடித்தவராகிவிடுகிறார். உண்மையில் அவர்தான் அடுத்த மாதிரிக்கான அறிவைச் சேகரிப்பவர்.

எனவே விற்பனைப் பயிற்சியின் பாடத்திட்டம் மாற வேண்டும். மறுப்பை வெல்வதற்குச் சொல்லித்தரும் அளவுக்கு, பொருளைப் பயன்படுத்துபவரைக் கவனிக்கவும் கண்டதைத் தெளிவாக எழுதி அனுப்பவும் சொல்லித்தர வேண்டும். ஊதிய முறையும் விற்ற எண்ணிக்கையோடு, திரும்பி வந்த பொருள்களையும் தொடர்ந்து பயன்படுத்துவோரையும் கணக்கில் கொள்ள வேண்டும். விற்பனையாளரைப் புத்தாக்கத்தின் பங்காளியாக ஏற்கும் நிறுவனமே தன் அடுத்த பொருளைச் சரியாகச் செய்யும்.