வேட்டியும் முகமும்

இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் இராயக்கோட்டை, 1858இல் எங்கள் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டையிலும் ஜில்லாவின் வேறு சில இடங்களிலும் தாம் எடுத்த படங்களை அந்த ஆண்டு தனித் தொகுதியாக வெளியிட்டார். சாமான்களெல்லாம் மாட்டு வண்டியில் போயின. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசினால், ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அது நடக்கிற காரியமா? முன்கூட்டியே தயார் செய்து கொண்டுபோகக்கூடிய மெழுகுக் காகித நெகட்டிவ்தான் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. அந்தக் கால மருந்தில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார் டிரைப்.

நெகட்டிவின் மேல் செய்யும் அந்தக் கைவேலை, வெண்ணந்தூரில் நான் ஸ்டுடியோ நடத்திய காலம் வரைக்கும் உயிரோடு இருந்தது.

எங்களுடையது தறிக்காரர் ஊர். படமெடுக்க வருகிறவர் சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து உட்காருவார். முகமோ நல்ல கறுப்பு. இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் கொண்டுவருவதுதான் தொழிலே. வேட்டிக்குப் பார்த்து வைத்தால் முகம் இருண்டு போகும். முகத்துக்கு வைத்தால் வேட்டியின் கரையும் மடிப்பும் காணாமல் போகும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எப்போதும் முகத்தின் பக்கம்தான். பெரிய விளக்கை ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே வைத்து, அதன் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறைப்பார். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணி. மிச்ச வேலை இருட்டறையில். என்லார்ஜர் அடியில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வேட்டிக்கு மட்டும் இன்னும் சில விநாடி வெளிச்சம் விடுவார். கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கோடு கட்டிவிடும். பேப்பரை டெவலப்பர் தட்டில் போட்டு அசைத்தால், சிவப்பு விளக்கொளியில் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழும்பும்.

அடுத்தது பென்சில். கண்ணுக்குக் கீழே குழி விழுந்த இடம் நெகட்டிவில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். கூராகச் சீவிய பென்சிலால் அங்கே மெல்லப் புள்ளி வைத்தால், படத்தில் நிழல் இளகும். முகத்தையே வெளுத்துத் தரச் சொன்னவர்களும் உண்டு. அளவு மீறினால் ஆளே மாறிப்போவார் என்பதால், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. அது சரியான கண்டிப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

1967இல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமும் பேப்பரும் எங்களைப் போன்ற சிற்றூர் ஸ்டுடியோக்களுக்குப் பெரிய ஆதரவு. அந்த ஆலையும் மூடியாகிவிட்டது.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவில் பதிவு செய்திருக்கிறது. எல்லா ஊருக்கும் அவர்களே வர முடியாது. உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோவில் நெகட்டிவ் பெட்டிகள் இருந்தால், அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குக் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். ஈரம் படாமல் எடுத்து வைத்து, அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.