கப்பலும் கதையும்

ஆண்மை இன்னதென்று நமக்கு முதலில் கற்பிப்பவை அறநூல்கள் அல்ல, கதைகளே. முன்னாளில் அவற்றைப் பாட்டிமாரும் கதாகாலட்சேபக்காரரும் சொன்னார்கள். பின்னர்ச் செய்தித்தாள்கள் சொல்லத் தலைப்பட்டன. அவை சொன்ன கதையொன்று மக்களின் நீதியுணர்வை எவ்வாறு திசைதிருப்பிற்று என்பதை இன்று காண்போம்.

1852-ஆம் ஆண்டில் 'பர்க்கன்ஹெட்' என்னும் ஆங்கிலப் படைக்கப்பல் தென்னாப்பிரிக்கக் கரையருகே பாறையில் மோதி மூழ்கிற்று. பெண்டிரும் குழந்தைகளும் படகேறித் தப்பினர். படைவீரர்களோ, படகுகள் கவிழ்ந்துவிடாதிருக்க, அணிகுலையாது நின்றனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போற்றத்தக்க செயலே. பத்திரிகைகளும் கவிஞர்களும் ஓவியர்களும் அதனை ஆங்கிலேய ஆண்மையின் இலக்கணமாக்கிவிட்டனர்.

அறுபது ஆண்டுகள் சென்றன. 1912 ஏப்ரல் 15 அன்று 'டைட்டானிக்' மூழ்கி, ஏறத்தாழ 1,500 பேர் மடிந்தனர். உண்மை முழுவதும் வெளிவருமுன்பே பத்திரிகைகள் பழைய கதையைக் கையிலெடுத்தன. கப்பல் தலைவர் ஸ்மித், பிரித்தானியராய் நடந்துகொள்ளுமாறு கூறி உயிர்நீத்தார் என எழுதின. அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஆயினும் 1914-இல் லிச்ஃபீல்டு நகரில் எழுந்த அவரது சிலையின் பீடத்தில் அச்சொற்கள் பொறிக்கப்பட்டன.

கதைக்குத் தலைவன் கிடைத்தால் போதுமா? கோழையும் வேண்டுமே! கப்பல் நிறுவனத்தின் தலைவர் புரூஸ் இஸ்மே படகேறி உயிர்தப்பியவர். அமெரிக்கப் பத்திரிகைகள் அவர் பெயரைச் சற்றே திரித்து, 'மிருகம்' எனப் பொருள்படும் 'புரூட்' என்று அச்சிட்டன. கப்பலோடு அவரும் மூழ்கியிருக்க வேண்டுமென்ற வாதத்தை, விசாரணை நடத்திய மெர்சி பிரபு ஏற்கவில்லை; ஊரார் வசையோ ஓயவில்லை.

இஸ்மேயைக் குற்றமற்றவரென்று நான் வாதிடவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஏறத்தாழ 2,200 பேர் சென்ற கப்பலில் 1,178 பேருக்கு மட்டும் படகிடம் இருந்ததேன்? பனிப்பாறை எச்சரிக்கைகள் வந்த பின்னும் வேகம் குறையாததேன்? அரசாங்கத்தையும் கேட்டிருக்கலாம். 1894-ஆம் ஆண்டின் படகு விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களைத் தனியே கருதவில்லை. டைட்டானிக்கோ 46,000 டன். விசாரணை மன்றங்கள் இவற்றை ஆராய்ந்தன. கதையோ, "நீ ஏன் சாகவில்லை?" என்ற ஒன்றையே கேட்டது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மாண்டதற்கு அவ்வீரக்கதையில் இடமேயில்லை.

1914-இல் லண்டனில் கூடிய நாடுகள், கப்பலிலுள்ள அனைவருக்கும் படகில் இடம் வேண்டுமென உடன்படிக்கை செய்தன. ஆபத்து வந்தபின் அஞ்சாது சாவது வீரமாகலாம். ஆபத்து வராமல் காப்பதே பொறுப்பு. வீரத்திற்குச் சிலையெடுத்தவர்கள், பொறுப்பைக் கேட்க மறந்தார்கள்.

நண்பர்களே! திரையிலோ கைப்பேசியிலோ ஓர் ஆண்மகனின் கதையைக் காணும்போது, அவனைப் புகழவும் இகழவும் விரையாதீர்கள். யார் விடைசொல்ல வேண்டிய வினாவை அக்கதை மறைக்கிறது என்று முதலில் கேளுங்கள்.